கண்ணாடியை அசைத்தது எது?

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன்பே அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துவிடுவாள். "உங்க ஃபிரிட்ஜ் உறுமுது. காலுக்கு அடியில அட்டை வைங்க." கூட வந்த அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "வந்த இடத்துலயும் மோப்பமா? ஒரு வாய் காப்பிய நிம்மதியா குடிடி!"

அந்த மோப்பம்தான் அவள் பிழைப்பு. ஈர்ப்பலை ஆய்வு நிலையத்தில் இரைச்சலைத் தேடிப் பிடிப்பவள். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதினால் விண்வெளியே நெளியும். அந்த நெளிவு இங்கே நீண்ட குழாய்களின் முனையில் தொங்கும் கண்ணாடிகளை அசைக்கும், ஓர் அணுக்கருவின் அகலத்தைவிடக் குறைவாக. லாரி போனாலும் அசையும், காற்றடித்தாலும் அசையும். அதனால் தண்ணீர் மோட்டார் முதல் இயக்குநரின் கார் வரை எல்லாமே அவளுக்குக் குற்றவாளிகள். "சார், கதவ மெதுவா சாத்துங்க. பிரபஞ்சம் பேசுறது காதுல விழ வேணாமா?"

போன வாரம் ஒரு காலையில் திரையில் கண்ணாடிகளின் அசைவைக் காட்டும் கோடு துள்ளி ஏறி அடங்கியது. கடல் கடந்த இன்னொரு நிலையத்திலும் அதே துள்ளல். இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரெண்டு இடத்துலயும் வந்துருச்சு! இனி என்ன சந்தேகம்?"

"பொறுங்க சார். எங்கயாவது பெரிய மின்னல் வெட்டியிருந்தா?"

அறையே அவளை முறைத்தது. மின்னல் கிளப்பும் காந்த அலை பூமியையே சுற்றி வரும். கண்ணாடிகளைத் தாங்கும் பொறியிலோ காந்தத் துண்டுகள். ஒரே மின்னல் இரண்டு நிலையங்களையும் ஏமாற்றிவிடலாம்.

அந்தக் காந்த அலையை அளக்கும் காந்தமானிகளின் பதிவுகளைத் திறந்தாள். தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுக்கப் போகிறோமோ? முதல் பதிவில் சலனமில்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசியில் ஒரு சின்ன மேடு. நேரத்தைப் பார்த்தாள். துள்ளல் அடங்கி வெகுநேரம் கழித்து வந்த மேடு அது.

"மின்னல் இல்ல சார்." திரையிலிருந்து திரும்பினாள். "லாரி இல்ல, காத்து இல்ல, நம்மாளுங்க யாரும் இல்ல. நிஜம் சார். நிஜமாவே வந்துருக்கு!"

இயக்குநர் மேசை மேலேயே ஏறிவிட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் அக்காவை ஃபோனில் பிடித்தாள்.

"என்னடி இது, அழுறியா சிரிக்கிறியா?"

"அக்கா, ரெண்டு கருந்துளைக்கா... ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு... இப்படி, இப்படி..." ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைமுட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றவிட்டாள். சுற்றச் சுற்ற வேகமெடுத்தன, நெருங்கின, நச்சென்று மோதின.

"பாத்தியாக்கா?" என்றாள், மூச்சு வாங்க.