தாண்டக்கூடாத இடம்

பதினேழு வயதில், தாராவி ஜிம்மில் நூறு கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் தரையில் படு என்றார் டாக்டர். மும்பையில் கோலி என்று சொல்லும் எங்கள் வீடு ஒரே அறை. நான் படுத்தால் வாசலுக்கு வழி என்மேல்தான்.

காலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா என்னைத் தாண்டினார். அம்மா அலறினாள்.

"அய்யோ, தாண்டாதீய! புள்ள வளர மாட்டாம்லா. திரும்பத் தாண்டுங்க!"

பரிகாரமாகத் திரும்பத் தாண்டினார். மறுபடி வீட்டுக்குள் நின்றார். மறுபடி வெளியே தாண்டினார், மறுபடி அலறல். நாலு தடவை போய்வந்த பிறகும் அவர் அடுப்போரம்தான் நின்றார். நான் ஏற்கெனவே அவரைவிட அரையடி உயரம். அதை யார் கேட்டார்கள்?

பொறுமையிழந்து, என்னைத் தூக்கி அடுப்போரம் வைக்கக் குனிந்தார்.

"முட்டிய மடக்கித் தூக்குங்கப்பா, முதுக வளைக்காதீய!"

"எனக்கு நீ சொல்லித் தாரியாலே? தோல் மூட்டை தூக்குற ஒடம்புல்லா இது."

முதுகை வளைத்துத்தான் தூக்கினார். என்னை அடுப்போரம் கிடத்திவிட்டு, நிமிர முடியாமல் என் இடத்திலேயே சரிந்து படுத்தார்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அவரைச் சாவகாசமாகத் தாண்டினாள்.

"நீங்க இனி வளர வேண்டாம்லா."