என் தொண்டையை அடைத்தது முருகேசன் சாமி அல்ல

சாமிமார்களே, இதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். அவ்வளவு கூச்சம். ஆனால் ஐயப்பன் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த கேவலத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

போன கார்த்திகையில் மூன்றாம் வருடமாக மாலை போட்டேன். திருமங்கலத்தில் எங்கள் குருசாமி வீட்டு மாடியில் சாயங்காலந்தோறும் பஜனை. சரணம் எடுத்துக் கொடுப்பது நான்தான். நான் ஒரு வரி சொன்னால் நாற்பது பேர் திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது. விரதத்திலும் எல்லோரையும் மிஞ்சப் பார்த்தேன். விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல், வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் கடுங்காப்பி, பகல் முழுக்கப் பட்டினி. பூஜை முடிந்ததும் வயிறு முட்ட ஒரே வேளைச் சாப்பாடு. கை ஈரம் காயுமுன் தரையில் படுக்கை. விரதக்காரனுக்குத் தலையணை ஆகாதே!

இரண்டாவது வாரம் தொண்டை கரகரத்தது. ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருந்தது. ஓயாமல் கனைத்தேன். மிளகு தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து சுடச்சுடக் குடித்தேன். இன்னும் மோசமானது. ஐந்தாவது வாரம் முடியும்போது சரணம் பாதியிலேயே உடைந்தது.

"என்ன சாமி, ஒளிஞ்சு நின்னு பீடி கீடி இழுக்குறீகளா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வெறும் கேலிதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் சுத்தமாத்தேன் இருக்கேன். இங்க யாரோ விரதத்த முறிச்சிருக்காக. அதேன் ஐயப்பன் என் தொண்டையக் கட்டிட்டான்" என்றேன்.

பெயரைச் சொல்லவில்லை. முருகேசன் சாமியைப் பார்த்தேன். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் வெல்டர். முதல் மாலை, கன்னிச்சாமி. இருபது வருடப் பீடியை விடுவதற்கென்றே மாலை போட்டவர். வெல்டிங் புகை வாடை அவர் துணியில் எப்போதும் வீசும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. இருமுடி கட்ட நான்கே நாள். மாலையைக் கழற்றப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. உள்ளே உறுத்தியும் நான் வாய் திறக்கவில்லை. "ஐயப்பா, தப்பு யாருதுன்னு காட்டு" என்று வேண்டிக்கொண்டேன். அவரைத்தான் காட்டுவான் என்று நம்பி வேண்டினேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

மறுநாள் காலையில் எழுந்தால் குரலே இல்லை. காற்றுதான் வந்தது. மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் பிறக்கும் இடம் சிவந்து வீங்கியிருந்தது.

"வயித்து அமிலம் மேல ஏறிப் புண்ணாக்கியிருக்கு" என்றார்.

"நெஞ்செரிச்சலே இல்லையே டாக்டர்?" என்று கிசுகிசுத்தேன்.

"சிலருக்கு எரியாது. நேரா தொண்டையில வந்துதான் காட்டும். எப்பச் சாப்பிடுறீங்க, எப்பப் படுக்குறீங்க?"

சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வேற யாரும் வேணாம் தம்பி, எல்லாம் நீங்களா இழுத்துக்கிட்டது."

நான் கேட்டதற்கு ஐயப்பன் பதில் சொல்லிவிட்டான்.

நேரே கப்பலூர் போனேன். பட்டறை வாசலில் முருகேசன் சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொல்லிக் காலில் விழுந்தேன்.

"எம் பொண்டாட்டி என் சட்டைய மோந்து பாத்தா சாமி" என்றார். "இருவது வருசம் பீடி குடிச்சப்பக்கூட அவ மோந்ததில்ல. எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லுங்க. சாயந்தரம் வாரேன்."

வந்தார். மனைவியோடு வந்தார். நான் மைக்கைப் பிடித்தால் 'உஸ்' என்ற சத்தம்தான் கேட்டது. வேறு வழியில்லாமல் முருகேசன் சாமியே என் வாயருகே காதை வைத்து, ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார்.

"நெஞ்சு எரியாமலே அமிலம் ஏறுமாம். வயிறு முட்டத் தின்னுட்டு உடனே படுத்தது இவருதேனாம்."

கூட்டம் சிரித்தது. அடுத்த வரியைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

படியோரம் நின்ற அவர் மனைவி, "என்னங்க, அதையும் சொல்லுங்க. நான் கேக்கணும்" என்றார்.

"முருகேசன் விரதம் சுத்தம். தெரிஞ்சேதேன் பழி போட்டேன்னு சொல்றாரு" என்றார் அவர், உடைந்த குரலில்.

அந்த வருடம் மலையில் எங்களுக்குச் சரணம் எடுத்துக் கொடுத்தவர் முருகேசன் சாமி. நான் உதட்டை மட்டும் அசைத்துப் பின்னால் ஏறினேன். மாத்திரை எடுத்தேன். விளக்கு வைக்குமுன் சாப்பிட்டேன். தலைமாட்டை உயர்த்திப் படுத்தேன். அதனால் விரதம் கெடாது என்று குருசாமியும் சொல்லிவிட்டார். தை கழிந்து குரல் மெல்லத் திரும்பியது. முருகேசன் சாமி இன்றுவரை பீடியைத் தொடவில்லை.

சாமிமார்களே, ஐயப்பனிடம் எதையும் கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்வான். உங்களுக்கும் ஓயாமல் தொண்டை கனைத்தால் நெஞ்சு எரியவில்லையே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போங்கள். பக்கத்தில் நிற்கும் சாமியை மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.