முந்தி அழுத்திய விரல்

கரம்பொனில் எங்கள் வாசிகசாலை நடத்திய பொதுஅறிவுப் போட்டி ஒரு வருடம் சண்டையில் முடிந்தது. கடைசிக் கேள்விக்கு எங்கள் அணியும் பக்கத்து ஊரான சரவணையின் அணியும் ஒரே நேரத்தில் மணியை அடித்தன. நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் எங்கள் பக்கம் கையைக் காட்ட, சரவணைக்காரர் கதிரைகளைத் தள்ளிவிட்டுச் சைக்கிள்களில் ஏறிப் போய்விட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போய்வந்து இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் தபாலதிபர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, ஆர் முந்தி அமத்தினது எண்டு பிழையில்லாமல் காட்டுற பெட்டி ஒண்டு செய்ய ஏலுமே உம்மால?"

"ஓம் ஐயா" என்றேன். எப்படிச் செய்வது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிறந்தது சரவணையில்.

"நானும் கூட இருக்கிறன். இல்லாட்டி உங்கட ஊருக்குச் சாதகமாச் செய்துபோடுவீர்" என்று சிரித்துக்கொண்டே குசினியிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து எனக்கு எதிரே இருந்தார்.

பெட்டிக்குள் வைக்கும் மின்சுற்றின் உறுப்புக்குப் பாடப்புத்தகத்தில் தர்க்கப் படலை, அதாவது லொஜிக் கேற், என்று பெயர். மச்சாளுக்கு அது உடனே பிடிபட்டது. "வளவுப் படலை மாதிரித்தானே. முந்தி வந்தவ உள்ளுக்குப் போய்க் கொளுக்கியைப் போட்டா, மற்றவ வெளியில நிக்க வேண்டியதுதான்."

வேகம்தான் முக்கியம் என்று நினைத்து, கிடைத்ததிலேயே வேகமான ஐசிச் சில்லுகளைப் போட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கூறாக்கினாலும் எது முந்தி என்று அவை சொல்லும். ஆனால் அவற்றின் மின்பசி பொல்லாதது. தொட்டால் சுட்டது. காலையில் போட்ட சதுரப் பற்றறி மத்தியானச் சோற்றுக்கு முன்னமே செத்துப்போனது. போட்டியோ மூன்று மணித்தியாலம்.

"அமத்திறது மனிசற்றை விரல்தானே. அதுக்கு ஏன் இவ்வளவு கெதி?" என்று மச்சாள் கேட்டார்.

வகுப்பில் ஒருநாளும் எனக்குத் தோன்றாத கேள்வி. அடுத்த சனிக்கிழமை பட்டணத்தில் இறங்கி, மந்தமான வகை ஐசிகளை வாங்கிவந்தேன். மின்சாரத்தை அவை மோந்துதான் பார்க்கும். இரண்டு நாள் விடாமல் ஓடியும் பற்றறி இறங்கவில்லை. நான் வீட்டுக்குள் துள்ளித் திரிந்தேன்.

அந்தத் துள்ளல் அண்ணை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் பம்பைத் தொடக்கும்வரைதான். பம்ப் உறுமியது. ஒருவரும் தொடாமலே சரவணைப் பக்க விளக்கு எரிந்தது.

"பாத்தீரே, கேள்வி கேக்க முந்தியே எங்கட ஊர் மறுமொழி சொல்லுது!" மச்சாள் கைதட்டினார்.

பம்ப் எஞ்சினின் பிளக்கில் பறக்கும் தீப்பொறி வானொலியைக் கரகரக்க வைப்பதுபோல, பெட்டியிலிருந்து அழுத்தானுக்குப் போகும் நீள வயர்களிலும் ஏறி, விரல் அழுத்தியதாக ஐசியை ஏமாற்றியிருக்கிறது. ஒவ்வொரு வயரின் முனையிலும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கொள்ளளவி ஒன்றை வைத்தேன். அது கணநேரத் துடிப்புகளை விழுங்கிவிடும். உண்மையான அழுத்தலை மட்டும் சற்றுத் தாமதித்து உள்ளே விடும். பம்ப் எவ்வளவு உறுமினாலும் விளக்கு அசையவில்லை.

சோதித்துப் பார்க்க அண்ணையையும் மச்சாளையும் இருத்தினேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றதும் அழுத்த வேண்டும். மச்சாள் சரவணைப் பக்கம். பதினொரு தரமும் அவர்தான் வென்றார்.

"என்ர கை மண்வெட்டி பிடிச்ச கை. அதுதான் மந்தம்" என்று அண்ணை ஒப்புக்கொண்டுவிட்டார். மச்சாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"பொறுங்கோ. கதிரையை மாத்தி இருப்பம்."

இடம் மாறியதும் அண்ணை வெல்லத் தொடங்கினார். எனக்கு முகம் சிவந்தது. பெரிய கொள்ளளவிகளில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போவதில்லை. எங்கள் பக்கத்தின் தாமதம் கூடிவிட்டது.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா உங்கட ஊர் வெண்டிருக்குமே, மச்சாள்?"

"போன வருசம் என்ர அண்ணைமார் சைக்கிளில ஏறிப் போகேக்க நான் உங்கட ஆக்களோட நிண்டனான். ஆற்றை முகத்தைப் பாக்கிறதெண்டு தெரியேல்லை. அது இனி வேண்டாம்."

அடுத்த ஒரு கிழமை நாங்கள் மூவரும் அதே வேலையாக இருந்தோம். கொள்ளளவியைச் சிறிதாக்கினால் நியாயம் வந்தது, பம்பின் பொய்த் துடிப்பும் கூடவே வந்தது. வயர்களைச் சோடி சோடியாகத் தலைமயிர்போல முறுக்கினோம், பின்னியது மச்சாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போட்டிருந்த பெரிய மின்தடைகளைக் கழற்றி, கொஞ்சம் தாராளமாக மின்சாரம் விடுபவற்றைப் போட்டேன். பொய்த் துடிப்பு லேசில் ஏறாது; பற்றறி சற்றுக் கூடுதலாகச் செலவாகும், போகட்டும். கடைசியில் பம்ப் ஓட ஓட, கதிரை மாற மாற, வெற்றி இரண்டு பக்கமும் கலந்து வந்தது. அண்ணை பம்பை நிறுத்தாமலே ஓடிவந்து பார்த்ததில் கத்தரிப் பாத்தி குளமாகிவிட்டது.

போட்டியன்று பின்னேரம் ஒலிபெருக்கிக்கு ஜெனரேற்றர் இரைந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. ஒரு கேள்வி வித்தியாசத்தில் சரவணை வென்றது. எங்கள் அணித்தலைவர் எழும்பி, "பெட்டியில ஏதோ பிழை" என்றார்.

"பெட்டி செய்தது உம்மட ஊர்ப் பிள்ளை. இரும் தம்பி" என்றார் தபாலதிபர். எங்கள் பக்கமே முதலில் சிரித்தது. மச்சாளின் அண்ணைமார் வந்து, தோற்ற அணியைக் கட்டிப்பிடித்தார்கள். மச்சாள் இரண்டு பக்கத்துக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார்.

பிறகுதான் உண்மையான கொண்டாட்டம். தங்கள் விரலின் வேகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சனம் வரிசையில் நின்றது. தபாலதிபரின் மனைவி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து கணவருக்கு எதிரே இருந்து, மூன்று தரம் தொடர்ந்து அவரைத் தோற்கடித்தார்.

தபாலதிபர் எழும்பி என்னைப் பார்த்தார். "பிள்ளை, கதிரையை மாத்தி இருக்கலாமே?"

மாற்றினார்கள். திரும்பவும் தோற்றார்.