எட்டாம் நாளுக்கு முந்தின சாவு

குமாசி நகரில் சாவுத் துணி தைக்கத் தையல்காரி டூஃபியே என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள். சனிக்கிழமை தோறும் எங்காவது ஒரு இழவுப் பந்தல். அதில் நடமாடும் கறுப்பிலும் சிவப்பிலும் பாதி அவள் தைத்ததுதான். மூன்று முறை கரு கலைந்து, முப்பத்தெட்டு வயதில்தான் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. எட்டாம் நாள் பெயர் வைப்பார்கள். அன்று தாய் வெள்ளை உடுத்த வேண்டும். அதையும் அவளே தைத்து மடித்து வைத்திருந்தாள். ஏழாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

எட்டைத் தாண்டாத பிள்ளை வெறும் விருந்தாளியாம். அதற்கு அழக்கூடாது, கறுப்பு கட்டக்கூடாது. வெள்ளை உடுத்தி, வேர்க்கடலைக் குழம்பு சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். யார் போட்ட சட்டமோ, அவன் தலையில் இடி விழ!

"அழுது தொலைக்காதடி, அழுதா அடுத்ததும் தங்காது," என்றாள் மாமியார் பிராகோ. குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஏழு நாள் என்கிட்ட பால் குடிச்சா அத்தை. ஊருக்கெல்லாம் தைச்சேனே, என் பொண்ணுக்கு ஒரு முழம் கறுப்பு கிடையாதா?"

"பேரே வைக்கலையேடி. யாருக்குன்னு கட்டுவே?"

டூஃபியே வெள்ளையை உடுத்தினாள். குழம்பைச் சாப்பிட்டாள். பால் கசிந்து புதுச் சட்டை நனைந்தது.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த தெருவில் எண்பத்திரண்டு வயது லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். நிறைந்து வாழ்ந்தவர் என்று பந்தலே கறுப்பு வெள்ளையில் இருந்தது. அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத டூஃபியே, ரத்த உறவுக்காரர்கள் உடுத்தும் முழுச் சிவப்பில் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"கிழவர் பலே ஆளுடி!"

"அந்த வயசுல தையல்காரி கேக்குதா!"

கிழவரின் மனைவி கொந்தளித்து எழுந்து வந்தாள். "யாருடி நீ? என் புருஷன் உனக்கு என்ன ஆகணும்?"

 கிழவியின் பார்வை டூஃபியேவின் மார்பில் நனைந்திருந்த சிவப்புத் துணியில் நின்றது. கிழவி ஆறு பிள்ளை பெற்றவள்.

குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "எத்தனை நாள் இருந்துச்சு?"

"ஏழும்மா."

கிழவி சுற்றிலும் பார்த்தாள். பந்தலே அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு டூஃபியேவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அழுடி," என்றாள். "எம் புருஷனுக்குன்னே ஊரு நெனச்சுக்கட்டும்."