தோமித்தீலா வாங்கிய மூன்று லிட்டர் பை

ரோமெல் தராசோனாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம். எங்கள் மலையூர் ஹுவாராஸின் கடைத்தெருவில் அவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கேடயம் மாட்டியிருக்கிறான். மலையில் மனிதாபிமானம் காட்டியதற்காக எங்கள் சைக்கிள் கிளப் கொடுத்தது. அந்த மனிதாபிமானம் என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியும், தோமித்தீலாவுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

தோமித்தீலா கோச்சச்சின் என் மூத்த மகளுக்கு ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் பக்கம் அந்த உறவு கூடப்பிறந்ததற்கு ஒரு படி மேல். சந்தை வாசலில் சோச்சோ விற்கிறாள். கசப்புப் பருப்பை நாள்கணக்கில் ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கசப்பெல்லாம் போனபின் வெங்காயம், தக்காளி, எலுமிச்சை போட்டுப் பிசைந்து தருவாள். ஓடையிலிருந்து பருப்பு மூட்டையைச் சைக்கிளில் கட்டி இறக்கி இறக்கித்தான் அவளுக்கு மலையில் சைக்கிள் விடும் கலை வந்தது. நாற்பது வயதில், இரட்டைப் பின்னலோடு, கிளப்பின் பெண்கள் அணியில் முதல் ஆளாக இருந்தாள். எனக்கெல்லாம் அவள் பின்சக்கரத்தைப் பார்த்துத்தான் பழக்கம்.

போன வருஷ மலைச் சைக்கிள் போட்டியில் நடந்தது இது. எங்கள் கறுப்பு மலைத்தொடர் காய்ந்த மலை. எதிரே பனிமலை வெள்ளைவெளேரென்று நிற்கும். இந்தப் பக்கம் குந்தூர்பம்பா உச்சி வாய்க்காலை விட்டால் நாக்கை நனைக்க வழியிருக்காது. அந்த ஏற்றத்தில், வாய்க்காலுக்கு வெகு கீழேயே, தோமி ஒருமுறை சறுக்கி விழுந்தாள். முதுகில் மாட்டியிருந்த தண்ணீர்ப் பை முள்ளில் கிழிந்து முழுவதும் வடிந்துவிட்டது. முதுகு நனைவதை வியர்வை என்று நினைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறாள். பையின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது காற்றுதான் வந்தது. தலை சுற்றி ஒரு பாறையில் சாய்ந்திருந்தபோது பின்னால் ரோமெல் வந்தான்.

"அண்ணே, ஒரு மடக்குத் தண்ணி."

"ஐயோ தங்கச்சி, எனக்கே பத்தாது."

சொல்லிவிட்டு அவன் போயிருந்தால்கூட மறந்திருப்பாள். நின்றான். தோளிலிருந்த குழாயை இழுத்து, தூசி படிந்த தன் கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சி, பனியன் நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஒருமுறை பீய்ச்சிக் கழுவி மாட்டிக்கொண்டு போனான். நான் அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏறிக்கொண்டு கிடந்த நேரத்தில், கீழே மைதானத்தில் ரோமெல் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி மடக்குத் தண்ணீரைத் தோமித்தீலாவுக்குக் கொடுத்தானாம். அதனால்தான் கைக்கு வந்த இரண்டாம் இடம் போயிற்றாம். எழுந்து வந்து அவள் உள்ளதைச் சொன்னாள். யார் நம்பினார்கள்? "மயக்கத்துல கிடந்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்" என்றார் கிளப் தலைவர் தோன் பெலிசாரியோ. தண்ணீரைக் கணக்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அணியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சந்தையில் சோச்சோ வாங்க வருகிறவர்கள், கை நீட்டும்போதே கேட்பார்கள்: "ஏம்மா, ரோமெலுக்கு ஒரு நன்றியாவது சொன்னியா?"

சில மாதங்களுக்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தோமி திட்டினால் எனக்குப் பயமில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கினால்தான் பயம்.

இந்த வருஷப் போட்டிக்குத் தனி ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஒருநாள் கடையை மூடிவிட்டு, "வா, தண்ணிப் பை வாங்கணும்" என்றாள்.

"எங்க?"

"அவன் கடையிலதான்."

"உனக்குப் பைத்தியமா கொமாத்ரே?"

"வேற எவன் கடையிலயும் அவன் இருக்கமாட்டானே" என்றாள்.

கடையில் ரோமெல் தலைநகர் லீமாவிலிருந்து வந்திருந்த இரண்டு பேருக்குச் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஜியான்கார்லோ, அவன் மச்சான் புரூனோ. புதுச் சட்டை, புதுத் தொப்பி, போட்டிக்கு வந்தவர்கள். எங்களைப் பார்த்ததும் ரோமெல் கையை விரித்தான்.

"பாருங்க, இந்தத் தங்கச்சியைத்தான் சொன்னேன்! வா, வா. உனக்கு விலையைக் குறைச்சே போடுறேன்."

தோமி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் கதவோரம் நகர்ந்துகொண்டேன்.

அவன் முதலில் ஓர் இடுப்புப் பையை எடுத்து வைத்தான். "இப்ப எல்லாரும் இதுதான். முதுகு வேர்க்காது, ஆளும் ஒல்லியாத் தெரிவ." அவள் வாங்கி, உள்ளே இருந்த பாட்டிலை உருவி, ஆட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "என் பேத்தி பால் குடிக்க ஆகும். எனக்குப் பேத்தி இன்னும் பிறக்கல. அடுத்தது எடுங்கண்ணே."

அடுத்தது நடுத்தரமான ஒன்று. உள்ளே இருந்த ரப்பர்ப் பையில் தண்ணீர் ரொப்பித் தரச் சொன்னாள். அதைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, சோச்சோ பிசைகிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தினாள். மூடி ஓரத்தில் தண்ணீர் பீறிட்டு ரசீதுக் கட்டெல்லாம் நனைந்தது.

"என்ன தங்கச்சி இது!"

"விழுந்தா மலை இதைவிடப் பலமா அழுத்தும்ணே. அடுத்தது."

மேல்தட்டிலிருந்து, தூசி தட்டி, மூன்று லிட்டர் பையை இறக்கினான். இதையும் ரொப்பிக் கவிழ்த்து அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. கை உள்ளே போகும் அளவுக்கு வாய் அகலமாக இருந்தது, தேய்த்துக் கழுவலாம். குழாயின் முனையைக் கடித்து உறிஞ்சி, முகம் சுளித்து, "எலுமிச்சை போட்டு ஊறவச்சாத்தான் இந்த நாத்தம் போகும்" என்றாள். முனையில் ஒரு சின்னத் திருகு இருந்தது. திருகினால் எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் வராது. அதை நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தாள். மாட்டியபோது மார்புப் பட்டை பின்னலில் சிக்கியது. பின்னலை உள்ளே விட்டுப் பட்டையைத் தளர்த்திக்கொண்டாள்.

"இப்ப நீங்க மாட்டுங்கண்ணே. பின்னாலிருந்து ஆடுதான்னு நான் பாக்கணும்."

லீமாக்காரர்கள் முன்னால் மறுக்க முடியாமல் மாட்டினான்.

"குதிங்க."

குதித்தான்.

"இன்னும் நல்லா. மலைன்னா மேடு பள்ளம் இருக்குமில்ல?"

தொந்தி குலுங்கக் குதித்தான். லீமாக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னால் அடக்க முடியவில்லை. வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மூச்சு வாங்கியபடி அவன் பையைக் கழற்றினான். மானம் போனதில் எரிச்சல் வந்துவிட்டது. "கழுதைதான் இதைச் சுமக்கும். குந்தூர்பம்பா வாய்க்கால் எதுக்கு இருக்கு? நான் ஒரு பாட்டிலோட போறேன், அங்க ரொப்பிக்குவேன். இவங்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன்."

தோமியின் கை பையின்மேல் அப்படியே நின்றது. பிறகு, "இதையே குடுங்க" என்றாள்.

தெருவில் கொஞ்ச தூரம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குந்தூர்பம்பா அவள் அம்மாவின் ஊர். இந்த வருஷம் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே வாய்க்கால் வெட்டுத் திருவிழா. வருஷத்துக்கொரு தடவை மேலே மதகை அடைத்துவிட்டு, ஊரே மண்வெட்டியோடு இறங்கி, பாட்டும் சோளக்கள்ளுமாகச் சேறு வாருவார்கள். அன்றைக்கு வாய்க்காலில் ஒரு பொட்டுத் தண்ணீர் இருக்காது.

"அந்த லீமாப் பசங்க பாவம்டி. சொல்லிடலாமா?" என்றேன்.

"குந்தூர்பம்பா ஊர்த்தலைவர் போட்டி கிளம்புற இடத்துல மைக்ல சொல்லத்தான் போறார். காது இருக்கிறவன் கேட்டுக்கட்டும்."

சொன்னபடி அவரும் சொன்னார். போட்டியன்று காலை, கம்பளிப் போர்வையோடு மேடையேறி, எங்கள் மலை ஜனங்களின் கெச்சுவா மொழியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: வாய்க்கால் காய்ந்திருக்கிறது, தண்ணீரை இங்கேயே ரொப்பிக்கொள்ளுங்கள். மலைக்கார ஆட்கள் எல்லோரும் குழாயடிக்குத் திரும்பினார்கள். ரோமெலின் அம்மா அந்த மொழியில் தாலாட்டுப் பாடித்தான் அவனை வளர்த்தாள். ஆனால் லீமாக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு அது தெரியாத பாஷையாகிவிடும். அவர் பேசும்போது அவன் காது கொடுக்கவே இல்லை; செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பெரியவர் என்ன சொல்றார்?" என்று ஜியான்கார்லோ கேட்டான்.

"யாருக்குத் தெரியும்? ஆசீர்வாதம் பண்றாரு. கைதட்டுங்க."

மூன்று பேரும் கைதட்டினார்கள்.

பெண்களை முதலில் விட்டார்கள். தோமி ஏற்றத்தில் எல்லோரையும் முந்திப் போனாள். நான் நாக்குத் தள்ள வாய்க்காலுக்கு வந்தபோது அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரைமேல் உட்கார்ந்திருந்தாள். பையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. சேறு வாருகிறவர்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், மதகடியில்.

"முதல்ல வந்துக்கிட்டிருந்தியேடி! போட்டியை விட்டுட்டியா?"

"உக்காரு" என்றாள்.

ஆண்கள் வரத் தொடங்கினார்கள். தண்ணீர் வைத்திருந்தவர்கள் நிற்காமல் போனார்கள். வெகுநேரம் கழித்து ரோமெல் வந்தான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின்னாலேயே லீமாக்காரர்கள். ரோமெல் வாய்க்காலை எட்டிப் பார்த்தான். இறங்கிப் பார்த்தான். கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தோமி எழுந்து ஜியான்கார்லோவிடம் குழாயை நீட்டினாள். "குடிங்க தம்பி. மெதுவா." அவன் குடித்ததும் புரூனோவுக்குக் கொடுத்தாள். அவனும் வயிறு நிறையக் குடித்தான். ரோமெல் கையை நீட்டினான். அவள் முனையைத் திருகி மூடினாள்.

"தங்கச்சி, எனக்கு?"

"எனக்கே பத்தாதுண்ணே."

அவன் என்னிடம் திரும்பினான். "நோர்கா, நீயாவது..."

"என்கிட்ட நிறைய இருக்கு. குடுக்கமாட்டேன்" என்றேன்.

ஜியான்கார்லோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, போன வருஷம் உங்க உசிரைக் காப்பாத்தினவர் இவர்தானே? பாவம், உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

"குடுக்கிறேன் தம்பி. எப்படிக் காப்பாத்தினாருன்னு அவரே சொல்லட்டும், உடனே குடுக்கிறேன்."

ரோமெல் தரையைப் பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. தோமி பையை ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"குடுக்கல" என்றான்.

"எதைக் குடுக்கல?"

"தண்ணி. கேட்டா. என்கிட்ட இருந்துச்சு. குடுக்கல."

"அப்புறம்?"

"கண்ணாடியைக் கழுவினேன்."

லீமாக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோமி திருகைத் திறந்து குழாயை அவன் வாயில் வைத்தாள். கன்றுக்குட்டி மாதிரிக் குடித்தான். மிச்சமிருந்ததை அவன் குடித்துத் தீர்க்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு எதுக்குடி குடுத்த?" என்று காதைக் கடித்தேன்.

"கீழ போயும் அவன் வாய் பேசணுமில்ல?" என்றாள்.

கீழே மைதானத்தில் பாட்டும் பீருமாக இருந்தது. தோன் பெலிசாரியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் வந்த எங்களைப் பார்த்து, "ரோமெலு, என்னய்யா ஆச்சு?" என்று கூவினார். ரோமெல் ஓடிப்போய் மைக்கை வாங்கிக்கொண்டான். ஆள் அதற்குள் தெளிந்துவிட்டிருந்தான்.

"போன வருஷம் நான். இந்த வருஷம் இவ. தன்னோட தண்ணியை எனக்குக் குடுத்த தாய்! எல்லாரும் கைதட்டுங்க!"

கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. சந்தைக்காரிகள் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு வருஷமாக அவளைக் குத்திக் குத்திப் பேசிய வாய்கள்தான். ஒரு கணம் அவள் அதில் மயங்கிவிடுவாளோ என்று பயந்தேன். நானாக இருந்தால் மயங்கியிருப்பேன். அவள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றாள்.

"நான் குடுத்ததைச் சொல்லாத. நீ குடுக்காததைச் சொல்லு."

மைக் அவன் கையில் திறந்தே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. அவன் சிரிக்கப் பார்த்தான். பின்னாலிருந்து ஜியான்கார்லோ கத்தினான்: "மேல சொன்னதைச் சொல்லுங்கண்ணே! நாங்க கேட்டோமில்ல?" புரூனோவும் சேர்ந்து கத்தினான். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். ரோமெல் தோன் பெலிசாரியோவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

சொன்னான். கேட்டதை, இருந்ததை, கொடுக்காததை, கண்ணாடியைக் கழுவியதை, எல்லாவற்றையும் சொன்னான். முன்வரிசையில் அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லி முடித்து அழுதான். நிஜ அழுகைதான் என்று நினைக்கிறேன்.

"மன்னிச்சிடு தங்கச்சி. எல்லார் முன்னாலயும் கேக்கிறேன், மன்னிச்சிடு."

"மன்னிப்பா?" என்றாள் தோமித்தீலா. "நான் உன்கிட்ட கேட்டது தண்ணி."