கூண்டோட்டியின் இடது கை

சட்டைப் பொத்தான், அதிலும் கழுத்துப் பொத்தான். ஷூ லேஸ், பல்லின் உதவியோடு. உயிருள்ள கோழியைத் துரத்திப் பிடித்து, காலால் அமுக்கி, கடைசி இறகுவரை பிடுங்கி முடிப்பது. சைக்கிள், சாக்கடையில் விழுந்த அந்த ஒரு தடவையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு முலவோவோடு கை மல்யுத்தப் போட்டி. முலவோ அன்றைக்குக் குடித்திருந்தார் என்பது உண்மைதான், ஆனாலும் வெற்றி வெற்றிதான். வெறும் இடது கையை வைத்துக்கொண்டு லாக்சன் முசொண்டா வென்றெடுத்தவை இவை. அக்கா ஃபெலிஸ்டஸ் இவற்றை வரிசை மாறாமல் சொல்வாள். செப்புச் சுரங்க ஊரான லுவான்ஷியாவின் சந்தையில் தக்காளி விற்கிறவள். படித்தது ஏழாம் வகுப்பு. ஆனால் அவள் அடுக்கிய குவியலில் ஒவ்வொரு தக்காளியின் காம்பும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். தம்பியின் பெருமைகளையும் அப்படித்தான் அடுக்குவாள்.

லாக்சனுக்கு நாற்பத்தொரு வயது. பெரியவர்களைக் கண்டால் கூச்சமில்லாமல் இடது கையை நீட்டுவான். அவர்கள் முகம் சுளித்தால், "வலது கை லீவுல இருக்கு பெரியப்பா, நான் என்ன செய்ய?" என்பான். களியையும் அதே கையால்தான் பிசைந்து உருட்டுகிறான். ஒரே தட்டில் சாப்பிட்ட சொந்தக்காரர்கள் மெல்ல மெல்லத் தனித் தட்டுக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் தனக்குக் குழம்பு கூடுதலாகக் கிடைக்கிறது என்று அதையும் ஒரு வெற்றியாகச் சேர்க்கச் சொன்னான். ஃபெலிஸ்டஸ் சேர்க்கவில்லை.

வலது கை போன கதையை அவன் வாயால் கேட்க வேண்டும். டிசம்பரில் கால்பந்தாட்டம். டிக்கெட் வாங்கப் பையில் காசு இருந்தது. ஆனால் மைதானச் சுவரை ஒட்டிய மாமரத்திலிருந்து பார்த்தால்தான் ஆட்டம் புரியும் என்பது அவன் கட்சி. எதிரணி கோல் போட்டது. நடுவரைத் திட்ட எழுந்து நின்றான். கிளை நிற்கவில்லை. விழும்போது இன்னொரு கிளையை வலது கையால் எட்டிப் பிடித்தான். பிடித்ததுதான் வினை, தோளுக்குள் நரம்பு அறுந்து, விரல்கள் செத்துப்போயின. "நடுவருக்கு ஒண்ணும் ஆகல. அதான் எனக்கு வருத்தம்" என்று முடிப்பான்.

அதற்கு முன்பு அவன் செப்புச் சுரங்கத்தில் கூண்டோட்டி. தரைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து, ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் பொறியை ஓட்டுகிறவன். இடது கையில் பிரேக், வலது கையில் விசைக்கோல், காதில் மணி. ஒரு மணி அடித்தால் தூக்க வேண்டும். இரண்டு அடித்தால் இறக்க வேண்டும். மூன்று அடித்தால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அவன் இறக்கினால் தேநீர்க் கோப்பைகூடத் தளும்பாது என்பார்கள்.

சுரங்கத்தில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த குழு ஆயுள் காப்பீடு ஒன்று உண்டு. அதைப் பற்றி அவன் கூட்டாளிகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "அதுக்கு நீ செத்திருக்கணும்டா. பாதியில விட்டுட்டே!" ஃபெலிஸ்டஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கேட்டு வந்தாள். சாகாமலும் வாங்கலாம், உடல் முடங்கினாலும் அதில் பங்கு உண்டு. மாமரத்தில் விழுந்தாலும் சரி, சுரங்கத்தில் விழுந்தாலும் சரி. ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகு காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

ஆறு மாதம் முடிந்தது. விண்ணப்பம் மட்டும் கையெழுத்தில்லாமல் கிடந்தது. 'என் வேலையை என்னால் செய்ய இயலாது' என்று ஒரு வரி அதில் இருந்தது. விரலை வைத்துவிட்டுப் போ என்று அலுவலகத்தில் மைப்பெட்டியை நீட்டினார்கள். "கைநாட்டு வைக்க நான் என்ன பள்ளிக்கூடம் பாக்காதவனா?" என்று எழுந்து வந்துவிட்டான். மை அல்ல அவனுக்குக் கசந்தது, அந்த வரி என்பது அக்காவுக்குத் தெரியும். இதற்கிடையே சுரங்கத்து வாசல் கதவைத் திறந்து மூடும் வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் பாதிக்கும் கீழே. மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

பார்க்க ஆள் வரும் நாளன்று ஃபெலிஸ்டஸ் கடை போடவில்லை.

"ஒண்ணும் செஞ்சு காட்டாதே. பேசாம உக்காரு. பாவமா இரு."

"பாவமா எப்படிக்கா இருக்கிறது?"

"உன் டீம நெனச்சுக்கோ."

அவன் முகம் உடனே வாடியது. ஃபெலிஸ்டஸுக்குத் திருப்தி.

வந்தவர் ஒரு பெண். பெருத்த உடம்பு, சின்னப் பை. பெயர் ஜெரே என்றார். லாக்சனின் வாட்டமெல்லாம் பறந்தது. ஜெரே என்றால் ங்கோனி இனம், இவனோ பெம்பா. ஒரு காலத்தில் ஈட்டியால் பேசிக்கொண்ட இரண்டு கூட்டத்துக்கும் இன்றைக்கு இருப்பது மதினி-கொழுந்தன் கேலி முறை. இவர்களுக்கு அவர்கள் எலி தின்னிகள், அவர்களுக்கு இவர்கள் குரங்குகள். இழவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் விட்டுவைப்பதில்லை. கோபப்பட்டவர்தான் தோற்றவர்.

"அக்கா, அந்தக் கோழிய மூடி வை. ரெண்டு எலி சுடு. மதினி பட்டினி கெடக்கப் போறாங்க."

ஜெரே அம்மா பையை இன்னும் கீழே வைக்கவில்லை. "கொரங்கு மரத்துலேர்ந்து விழுந்துடுச்சுன்னு சொல்லி அனுப்பினாங்க. கொரங்கு எங்கயாவது விழுமான்னு யோசிச்சேன். வந்து பாத்தா பெம்பா. சரிதான்."

அதற்குப் பிறகு ஃபெலிஸ்டஸின் உபதேசம் காற்றில் போயிற்று. "கொழுந்தனாருக்குச் சட்டை மாட்ட அக்கா வரணுமாக்கும்" என்றார் ஜெரே அம்மா. லாக்சன் எல்லாப் பொத்தானையும் கழற்றி மாட்டிக் காட்டினான். "ஷூ?" பல்லால் கட்டினான். ஃபெலிஸ்டஸ் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்; மிதிபட்ட காலையும் தூக்கி, இன்னொரு முடிச்சுப் போட்டான். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

"பாவம், சைக்கிளெல்லாம் இனிமே கனவுதான்" என்று பெருமூச்சு விட்டார்.

"யாரு சொன்னது? நேத்துகூட ரெண்டு கூடை தக்காளிய சைக்கிள்லயே சந்தைக்குக் கொண்டுவந்து போட்டான்!"

சொன்னது லாக்சன் அல்ல, ஃபெலிஸ்டஸ். சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள். "அத எழுதாதீங்கம்மா" என்றாள்.

"எழுதணுமே." எழுதினார். "இப்ப உங்க தம்பி தொழிலக் காட்டட்டும். களி கிண்டுற கோல் ரெண்டு குடுங்க."

இரண்டு தக்காளிப் பெட்டிகளில் கோல்களைச் செருகி, லாக்சனின் இருபுறமும் வைத்தார்கள். இடப்பக்கம் பிரேக், வலப்பக்கம் விசை. ஜெரே அம்மா கரண்டியால் தட்டில் ஒருமுறை தட்டினார். லாக்சன் உடம்பை முறுக்கி, இடது கையால் வலப்பக்கக் கோலை இழுத்தான். பிறகு தாவிப் பிரேக்கைப் பிடித்தான். பெட்டி சாய்ந்தது.

"கூண்டு முட்டிடுச்சே!"

"கல்லுதானே மதினி. அழாது."

இரண்டு தட்டு. அதையும் எப்படியோ தாவித் தாவி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

மூன்று தட்டு.

லாக்சனின் கை பிரேக்கின் மேலேயே நின்றது. வலப்பக்கக் கோலைப் பார்த்தான். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தான்.

"மூணா?"

"மூணு."

"இத விட்டுட்டு அந்தப் பக்கம் போனா, பிரேக்க யாரு பிடிக்கிறது?" என்றான். பிறகு கோலிலிருந்து கையை எடுத்துவிட்டான். "உள்ள ஆளு இருக்கு. நான் ஓட்ட மாட்டேன்."

அதில் கேலி இல்லை. ஃபெலிஸ்டஸ் திரும்பிக்கொண்டு, கொதிக்காத குழம்பைக் கிளறினாள்.

ஜெரே அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "கோழி உரிங்க, சைக்கிள் ஓட்டுங்க, எனக்கென்ன. உங்க சுரங்கத்துப் பத்திரம் கேக்குறது ஒரே கேள்வி. இவரு தன்னோட வேலைய இனிமே செய்ய முடியுமா, முடியாதா?"

"கதவு தெறக்கிற வேலைய செய்யலாம்ல, அதனால குடுக்க மாட்டோம்னா?" ஃபெலிஸ்டஸுக்கு இதுதான் பல நாள் கவலை.

"சில கம்பெனிப் பத்திரத்துல 'எந்த வேலையுமே செய்ய முடியாது'ன்னு இருந்தாத்தான் காசு. அதுவா இருந்தா அந்தக் கதவு இவர முழுங்கியிருக்கும். உங்களுதுல 'சொந்த வேலை'ன்னு போட்டிருக்கு. முடிவு மேல இருக்கவங்களோடது. ஆனா நான் இன்னிக்குப் பாத்தத எழுதினா, அவங்களுக்கு மறுக்க வழி இல்ல." ஃபெலிஸ்டஸ் கொண்டுவந்து வைத்த கோழிக் குழம்பில் இரைப்பையைத் தேடி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார், விருந்தாளியின் பங்கு. "இன்னொண்ணு. செத்தா வர்ற தொகையத்தான் இப்பவே முன்கூட்டிக் குடுக்கறாங்க. இத வாங்கிட்டு அப்புறம் செத்துக் காட்டினா ஒத்தைக் காசு வராது."

"கேட்டியாடா? இனிமே சாகக் கூடாது."

"சரிக்கா. சாகலாம்னா எலி திங்கிறவங்க காசு குடுக்க மாட்டாங்களாம்."

சாப்பிட்டு முடிந்ததும் ஜெரே அம்மா பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, அந்த வரியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்தார்.

லாக்சன் வரியைப் படித்தான். இன்னொருமுறை படித்தான். வலது கையை மடியிலிருந்து தூக்கி, செத்த பாரமாகக் காகிதத்தின் ஓரத்தில் போட்டான், நகராமலிருக்க. முழங்கையால் மைப்பெட்டியை மேசையின் விளிம்புக்குத் தள்ளினான். இடது கையால் பேனாவை எடுத்தான்.

நாக்கு வெளியே வந்தது. மதுக்கடையிலிருந்து தோளில் கை போட்டு வீடு திரும்புகிறவர்களைப் போல எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வந்தன. யாரும் கேலி செய்யவில்லை. முழுப்பெயரும் வந்து சேர்ந்தது. ஃபெலிஸ்டஸ் அந்தக் கையெழுத்தையும் தன் வரிசையின் கடைசியில் வைக்க அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பெயருக்குக் கீழே, பெயரைவிடக் கோணலாக, அவன் தேதியைப் போட்டுக்கொண்டிருந்தான்: 20 ஜூன் 2019.