தராசில் ஏறிய ஷாக் அப்சர்பர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் என்னிடம் ஒரு பிக்கப் வேன் இருந்தது. என்னைவிட அதற்கு வயது அதிகம். மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திய ஒரு பழைய வண்டியைப் பார்த்துவிட்டேன். அன்று முதல் என் வண்டி ஏணி வைத்து ஏறுகிற பரண் மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றச் சொல்லித் தாழ்த்தினேன். கேட்டவர்களிடம், மாசமாக இருக்கும் என் மனைவி சிரமமில்லாமல் ஏறி இறங்க வேண்டாமா என்றேன். அவளைச் சாக்குச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

தாழ்த்திய வண்டி சின்னப் பள்ளத்துக்கே அடி வாங்கியது. வளைகாப்பு முடிந்ததும் அவளைப் படவேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு என் வண்டியில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. வேறு ஷாக் அப்சர்பர் மாட்டியே ஆக வேண்டும்.

மெக்கானிக் மூன்று ஜோடி காட்டினார். "தாழ்ந்த வண்டிக்குக் குட்டைதாங்க சரி. நீட்டு போட்டா நிக்கும்போதே அமுங்கிகினு நிக்கும். அப்புறம் பள்ளம் வந்தா அமுங்க இடம் ஏது?" என்றார்.

பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இரும்புக்காரர் தரம் பார்க்கச் சொல்லித் தருவதா? எங்கள் தெருவில் எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வோம். கனமாக இருந்தால் நல்ல சேலை. மூன்று ஜோடியையும் வீட்டுக்கு எடுத்து வந்து பட்டு நிறுக்கும் தராசில் வைத்தேன். தெருவே கூடி யோசனை சொன்னது. லாரியிலிருந்து கழற்றிய நீட்டு ஜோடி கனத்தில் ஜெயித்தது. பெரியவர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதாம்பா சரக்கு," என்றார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டே மாட்டினார். சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை என்று என் மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

புறப்பட்ட அன்று என் மனைவி கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் உரலில் உலக்கை விழுகிற மாதிரி இடித்தது. "கனமான சரக்கு, ஓட ஓடத்தான் இளகும்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பக்கத்திலேயே இருக்கும் சேவூரைக்கூடத் தாண்டவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்க," என்றாள். "ரொம்ப நேரமா அசைவே இல்ல."

கைத்தாங்கலாக இறக்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படவேட்டு அம்மன் ரேணுகாம்பாளுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. டீ குடிக்க வந்த நாலு பேர் பார்க்க அழுதுவிட்டேன்.

"நல்லாத்தான் கீது," என்றாள். "நான் பஸ்ல போறேன். நீங்க வண்டிய எடுத்துகினு வாங்க."

"உனக்காகத்தானே இவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சேன்?"

"தெருவையே கேட்டீங்க. ஒரு வாட்டி என்னை உக்கார வெச்சிகினு தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாத்தீங்களா?"

பஸ் வந்ததும் அவளை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் இடி வாங்கிக்கொண்டே அதன் பின்னால் வண்டியை ஓட்டிப் போனேன்.